வாய் வைக்க மறுத்த தெரசாள்

எங்கள் ஊரில் தெரசாளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். மூச்சுக்குத் தவித்த பச்சைப் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை வாய் வைத்துச் சளியை உறிஞ்சி எடு என்று பெற்றவள் கெஞ்சினாள், அந்தக் கல்நெஞ்சுக்காரி மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், பிள்ளை செத்துப்போனது. இவ்வளவுதான் கதை. சொல்கிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மீதிப் பேர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில், டாக்டர் ஜெபக்குமார் நடத்திய பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு எதிரே எங்கள் டீக்கடை. கடை என் வீட்டுக்காரர் பால்பாண்டி பேரில் இருக்கிறது, வாய் மட்டும் என்னுடையது. அவர் டீ ஆற்றுவார், நான் வெந்நீர் விற்பேன். பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு நாள் முழுக்க வெந்நீர் வேண்டும். பால் புகட்டுகிற பாலாடை கழுவ, துணி நனைக்க, பெற்றவள் ஒரு வாய் குடிக்க. ஆகவே அந்த ஆஸ்பத்திரிக்குள் நான் நினைத்த நேரத்துக்குப் போவேன், வருவேன். தெரசாள் எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர், அதுவும் பாதி இடிந்தது.

அவள் மாட்டேன் என்று சொன்னது உண்மை. இந்தக் காதால் கேட்டேன். ஏன் சொன்னாள் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. இப்போது அந்தப் பிள்ளையின் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. யாரைக் காப்பாற்றத் தெரசாள் வாயை மூடிக்கொண்டாளோ அவள் காதுக்கு இது இனிப் போகாது என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

தெரசாளுக்குப் பாலவனத்தம் பக்கம். வேதக்காரக் குடும்பம். தாவீதுராஜ் என்கிற லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். அவன் ஒருநாள் நாக்பூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனான். லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அங்கே ஒருத்தியோடு குடித்தனம் வைத்திருக்கிறான் என்று கிளீனர் வந்து சொன்னான். நாசமாய்ப் போனவன், சொல்லிவிட்டாவது போயிருக்கலாம். தெரசாள் அழுதாளா என்று கேட்டால், சுவருக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிள்ளை கிடையாது. மலடி என்று தெருவே பேசியது. நல்லது கெட்டதுக்கு அவள் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் பிறகு ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கொண்டுவந்து போட்டார்கள். அதற்குத் தொடக்கம் நான். என் மூத்தவன் பிறந்தபோது எனக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாமல், வழுக்கி விழுந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரசாள் சுவரைத் தாண்டி வந்து, தள்ளு என்று சொல்லிவிட்டு, பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டாள். யாரிடம் பழகினாள் என்று தெரியாது. அன்று குளித்துத் தூங்கின பயல் மத்தியானம் தாண்டித்தான் கண்ணைத் திறந்தான். நான் சும்மா இருப்பேனா, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு வருஷத்தில் தெரசாளுக்குக் காலையில் மூச்சுவிட நேரம் இல்லை.

எங்கள் ஊர்த் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் மற்றவர்கள் முகம் கழுவாமல் திரிந்தாலும், பிள்ளைக்கு ஒரு குடம் எடுத்து மூடி வைத்திருப்பார்கள். அந்த ஒரு குடத்துக்குள் அவள் எல்லாவற்றையும் முடிப்பாள். எண்ணெய் தேய்த்து, கை கால்களை நீவி, தலையை உருட்டிப் பிடித்து, மூக்கு எலும்பை இரண்டு விரலால் எடுத்துவிட்டு, பயத்தமாவு போட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். கடைசியில்தான் முக்கியமான காரியம். பிள்ளையின் மூக்கை முழுதாகத் தன் வாய்க்குள் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சிப் பக்கத்தில் துப்புவாள். திரும்ப வாய் வைத்து மெதுவாக உள்ளே ஊதுவாள். பிள்ளை திடுக்கிட்டுப் பார்க்கும், தும்மும், அதோடு மூக்கு திறந்துவிடும். பிறகு சாம்பிராணிப் புகை.

இதை எல்லா ஊரிலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தெரசாள் ஊதினால் அந்தப் பிள்ளையைச் சளி அண்டாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. இந்து வீடு, துலுக்க வீடு, வேதக்கார வீடு என்று எதுவும் கிடையாது. நரிக்குடியில் கட்டிக்கொடுத்த பெண்கள்கூடப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தால் தெரசாளைத்தான் கேட்பார்கள். அவசரத்தில் அவள் ஊத மறந்தாலும் பெற்றவள் விடமாட்டாள், ஊதிவிட்டுப் போங்கக்கா என்பாள்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஆசியா உம்மா வீட்டில் பிள்ளை பிறந்தது. பள்ளிவாசல் தெருவில் அவர்கள் வீடு. வீட்டுக்காரர் ஹனீபா ராவுத்தர் முன்பே இறந்துவிட்டார். மகன் சகாபுதீன் சவூதியில் வேலை. மருமகள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ், இருபத்திரண்டு வயசு இருக்கும். அந்தப் பெண்ணுக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போனது, ஒன்று பிறந்து கண் திறக்கவில்லை. மூன்றாவதாக இது ஆண்பிள்ளையாக, கொழுகொழுவென்று தங்கியது. பாட்டனார் பெயரையே, ஹனீபா என்று வைத்தார்கள். பிள்ளை முகம் பார்க்க சகாபுதீன் மார்கழியில் லீவில் வருவதாக இருந்தது. அவன் வருகிறவரைக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அந்த வீட்டில் ஒரே பேச்சு. ஆசியா உம்மா நல்ல மனுஷிதான், ஆனால் மருமகள் கையிலிருந்து இரண்டு பிள்ளைகள் நழுவிப் போனதை மறந்தவர் இல்லை. சாடைமாடையாகச் சொல்லிக்காட்டுவார்.

ஃபிர்தௌஸ் தெரசாளை விட்டால் வேறு யாரையும் பிள்ளையைத் தொட விடாது. தெரசாளுக்கும் அது தெரியும். மற்ற வீடுகளில் குளிப்பாட்டி முடித்தால் கிளம்பிவிடுகிறவள், அங்கே மட்டும் பிள்ளை தூங்குகிறவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கார்த்திகைக் கடைசியில் பனி இறங்கியது. பகலெல்லாம் வெயில் கொளுத்தும், விடியற்காலையில் பல் கிட்டும். அதுதான் எங்கள் ஊர்ச் சீமைக் குளிர். தெரசாளுக்கு ஜலதோஷம் பிடித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீடு வீடாகப் போய்வந்தாள். ஜலதோஷத்துக்கு யார் வீட்டில் படுப்பார்கள்? நான் படுத்தேனா, நீங்கள் படுப்பீர்களா? பிறகு உடம்பு வலி வந்து, ஒரு நாள் எழுந்திருக்க முடியவில்லை. இன்றைக்கு வரவில்லை என்று எல்லா வீட்டுக்கும் சொல்லியனுப்பினாள்.

அன்றைக்குப் பார்த்து அந்தப் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரிக்‌ஷாக்கார இருளாண்டி வந்து நின்றான். ஆசியா உம்மா நானே ஊற்றுகிறேன் என்று சொன்னாராம், மருமகள் கேட்கவில்லையாம், தெரசாக்கா வராமல் பிள்ளையை இறக்க மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறதாம். உடம்பு முடியாதவளை எழுப்பாதே என்று நான் அவனைக் கத்தினேன். தெரசாள் அதற்குள் எழுந்து முகத்தைக் கழுவிவிட்டாள். நான் கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினாள். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. பிள்ளை விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அத்தா வரும்போது மூக்கு முழி எடுப்பாக இருக்க வேண்டும் என்று இன்னொரு தடவை நன்றாக ஊதி விட்டேன் என்றாள்.

அடுத்த வாரத்தில் ஆஸ்பத்திரி நிறைய ஆரம்பித்தது. முதலில் நெசவாளர் தெருப் பிள்ளை ஒன்று. இரண்டு நாள் மூக்கு ஒழுகியதாம், பிறகு பால் குடிக்கவில்லை, வரவர மூச்சு வாங்கியது. வெந்நீர் கொண்டுபோனபோது பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. தலைக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து, அதற்குள் சிலிண்டரிலிருந்து காற்று விட்டிருந்தார் டாக்டர். அப்புறம் ஒன்று வந்தது, அப்புறம் இன்னொன்று. ஹனீபாவைத் தூக்கிக்கொண்டு ஆசியா உம்மாவும் ஃபிர்தௌஸும் ரிக்‌ஷாவில் வந்து இறங்கியதைக் கடையிலிருந்தே பார்த்தேன். பிள்ளை துணிக்குள் முனகியது ரோட்டைத் தாண்டிக் கேட்டது.

தெரசாளுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா. சொன்னதும் தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் என்னோடு வந்தாள். நான் தூக்குவாளியில் வெந்நீரோடு முன்னால் போனேன், அவள் பின்னால் வந்தாள். வாசல்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். எனக்கு அவை ஆஸ்பத்திரிப் பிள்ளைகள், எல்லாம் ஒரே மாதிரி. அவளுக்கு அப்படி இல்லை. எந்தத் தலையை எந்தக் கை உருட்டியது என்று அவளுக்குத் தெரியும்.

“சோலை, இது பூராவும் என் பிள்ளைகதான்” என்றாள்.

நான் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பிள்ளை எல்லாமே அவள் பிள்ளைதானே என்று நினைத்தேன். அந்த நேரம் டாக்டர் உள்ளே வந்தார். சின்ன வயசுக்காரர், இரண்டு நாளாகத் தூங்காத கண். பெற்றவர்களிடம் அதட்டாமல் பேசுவார். இது ஒரு வைரஸ், பெரியவர்களுக்கு வந்தால் வெறும் ஜலதோஷம், இந்த வயசுப் பிள்ளைக்கு வந்தால் நுரையீரலில் உள்ள சின்னச் சின்னக் குழாயெல்லாம் வீங்கி அடைத்துக்கொள்ளும் என்றார். இதைக் கொல்கிற மருந்து கிடையாது, காற்றும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, உடம்பு தானாக மீறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்றார். சளி பிடித்தவர்களுடைய இருமல், கை, வாய் இவற்றால்தான் ஒட்டும் என்று சொல்லி, வீட்டில் யாருக்காவது சளியா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டார். இல்லை, இல்லை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. வீட்டில் யாருக்கும் இல்லைதான்.

வாசலில் தெரசாள் இருமினாள். டாக்டர் திரும்பிப் பார்த்து, சளி இருக்கிறவர்கள் வெளியே நில்லுங்கம்மா என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது, வாளியை வைத்துவிட்டு அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

கடைக்கு வந்து அவள் வெந்நீர் கேட்டாள். குடிக்கப் போகிறாள் என்று கொடுத்தேன். உப்பைப் போட்டு வாய் கொப்பளித்தாள். திரும்பக் கேட்டாள், திரும்பக் கொப்பளித்தாள். வாய் வெந்துவிடும் போதும் என்று பால்பாண்டி செம்பைப் பிடுங்கினார். டாக்டர் சொன்னது நிஜமாகத்தான் இருக்குமா என்று கேட்டாள். டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள், வாய்க்கு வந்ததை உளறாதே என்று அதட்டினேன். அவள் தெருப் பெயரைச் சொல்லி, வீட்டுப் பெயரைச் சொல்லி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வாரம் ஊதினதைச் சொன்னாள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் நெசவாளர் தெருக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். டாக்டர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, சந்தனம்மாளைப் பிள்ளை பார்க்க வந்தவள் மாதிரி உள்ளே அழைத்துப் போனார்கள். அவளும் வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள்தான், மூக்குப்பொடிக்காரி. கூண்டைத் தூக்கிவிட்டு வாய் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு வந்துவிட்டாள். சாயங்காலம் அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தது. அது காலையிலேயே பால் குடிக்க ஆரம்பித்துவிட்டது, பாலாடை கழுவ வெந்நீர் கொடுத்தவள் நான். ஆனால் நான் சொல்லி யார் கேட்டார்கள்? பெரிய படிப்புப் படித்தவர் குழாயை விட்டு எடுக்க முடியாத சளியைச் சந்தனம்மாள் ஒரே உறிஞ்சில் எடுத்துவிட்டாள் என்று வார்டு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஹனீபாவுக்கு அடுத்த நாள் காலையில் முனகலும் நின்றிருந்தது. பிள்ளை அழவில்லை, அசையவில்லை, மூச்சுக்கே உடம்பு முழுவதையும் செலவு பண்ணிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும், அங்கே மூச்சுக்கு மெஷின் இருக்கிறது என்று சொல்லிவிட்டு டாக்டர் வேன் பிடிக்க ஆளை விரட்டிக்கொண்டிருந்தார். ஃபிர்தௌஸ் அதைக் காதில் வாங்கவே இல்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தது, தன் பிள்ளையைப் பார்த்தது, தெரசாக்காவைக் கூப்பிடுங்கள் என்றது. சந்தனம்மாளே இருக்கிறாளே என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம், என் பிள்ளைக்குத் தெரசாக்கா கைதான் என்று சொல்லிவிட்டது.

தெரசாள் வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மூன்று நாளாக அங்கேதான் நின்றாள். உள்ளே வந்தாள், கட்டிலுக்கு ஓர் எட்டுத் தள்ளி நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“தெரசாக்கா, ஒரே ஒரு தடவைக்கா. வாய் வச்சு எடுத்து விடுங்க” என்றது ஃபிர்தௌஸ்.

“மாட்டேன் தாயி.”

“நீங்க ஊதினா முழிச்சிரும்க்கா. எப்பவும் முழிக்கும்ல.”

“மாட்டேன்.”

ஃபிர்தௌஸ் குனிந்து அவள் காலைத் தொடப் போனது. தெரசாள் பின்னால் நகர்ந்தாள். ஆசியா உம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. தெரசாளுக்கு இருமல் வந்தது, அதை அடக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் ஓடினதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், எதற்காக ஓடினாள் என்பதை யாரும் பார்க்கவில்லை.

வேன் வந்தது. டாக்டர் சிலிண்டரோடு தானும் ஏறிக்கொண்டார். காரியாபட்டி தாண்டவில்லை. மத்தியான வெயில் சாய்வதற்குள் அதே வேன் திரும்பி வந்து பள்ளிவாசல் தெருவுக்குப் போனது. டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே வார்டுக்குள் போய்விட்டார். சகாபுதீன் வந்து இறங்கியபோது அடக்கம் முடிந்து மையவாடியில் ஈரமண் காய்ந்திருந்தது.

மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின. அதில் ஒன்றுக்குப் பனி வந்தால் இன்றைக்கும் இழுக்கும்.

ஊர் பேச ஆரம்பித்தது. சந்தனம்மாள் வாய் வைத்த பிள்ளை பிழைத்தது, தெரசாள் வாய் வைக்காத பிள்ளை போய்விட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பிள்ளையைப் பெறாதவளுக்கு எங்கே வலிக்கும் என்றார்கள். நோய் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து ஓடினாள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் போய்ச் சொல்லப்போகிறேன், உனக்குச் சளி இருந்தது, அதனால்தான் வாய் வைக்கவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். தெரசாள் சுவரைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்தாள். அவள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை.

“உக்காரு சோலை. அன்னைக்கு நான் வரலைன்னு சொல்லித்தான் விட்டேன். ஆள் விட்டது யாரு? மாமியா ஊத்துறேன்னு சொல்லியிருக்காக, அந்தப் புள்ளதான் கேக்காம எனக்கு ரிக்‌ஷா அனுப்புச்சு. இப்ப நீ போயி, இவளுக்குச் சளி, இவ ஊதித்தான் பிள்ளைக்கு வந்துச்சுன்னு சொன்னா, அது எங்க போயி விழும்? ஏற்கெனவே ரெண்டைத் தூக்கிக் குடுத்தது. மூணாவதை இவளே ஆள் விட்டுக் கொன்னான்னு சொல்ல மாட்டாகளா? அவுக சொல்லாட்டியும் அந்தப் புள்ளயே தன்னைச் சொல்லிக்கிடாதா?”

நான் உட்கார்ந்தேன்.

“என்னையத் திட்டட்டும். எனக்கு மாமியாளா இருக்கு” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தவளிடம், உங்கள் சாமியாரிடம் சொன்னால் பாவம் போய்விடும் என்பார்களே, சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன், அவர் மன்னித்துவிட்டார், அவர் பிள்ளையா செத்தது என்றாள்.

அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வீடுகளில் கூப்பிடத்தான் செய்தார்கள். தண்ணீர் ஊற்றுகிறேன், வாய் மட்டும் வைக்க மாட்டேன் என்றாள். ஊதாமல் என்ன குளிப்பாட்டு என்று சொல்லிச் சந்தனம்மாளைத் தேடிப் போய்விட்டார்கள். தெரசாள் தறிக்கூடத்தில் நூல் தார் சுற்றுகிற வேலைக்குப் போனாள். பிள்ளை பிடித்த கையில் நூல் அறுத்து அறுத்துக் கீறலாகிக் கிடந்தது. ஒரு மார்கழியில் சந்தனம்மாள் தும்மிக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டு, சளி இருந்தால் நாலு நாள் போகாதே தாயி, போனாலும் வாய் வைக்காதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். என் பிழைப்பைக் கெடுக்கப் பார்க்கிறாள், வயிற்றெரிச்சல்காரி என்று சந்தனம்மாள் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டாள். அப்புறம் பெற்றவர்களிடமே சொல்லிப் பார்த்தாள். வாய் வைக்காமல் ஒரு பிள்ளையைச் சாகவிட்டவள் எங்களுக்குப் புத்தி சொல்கிறாயா என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

வருஷா வருஷம் பனி இறங்கினால் பிள்ளைகள் வந்தன. துணியில் சுற்றிக்கொண்டு, ரிக்‌ஷாவில், பஸ்ஸில், திருச்சுழி பக்கத்துப் பட்டிகளிலிருந்து மாட்டுவண்டியில்கூட. தெரசாள் வேலை விட்டு வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் சந்தனம்மாள் ஊதினதால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் முத்தம் கொடுத்தவர்கள், மூத்த பிள்ளைகள், எத்தனையோ இருக்கும். ஆனால் ஒன்றைக்கூடத் தடுக்க அவளால் முடியவில்லை. தெரிந்துவைத்திருந்து என்ன பிரயோஜனம்? பார்த்துக்கொண்டு உட்காரத்தான் முடிந்தது.

ஃபிர்தௌஸுக்கு இரண்டு வருஷம் கழித்துப் பெண்பிள்ளை பிறந்தது. சந்தனம்மாள்தான் தண்ணீர் ஊற்றினாள், உறிஞ்சினாள், ஊதினாள். அதற்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பார்த்தீர்களா என்றது ஊர்.

தொண்ணூற்றாறில் தெரசாள் காய்ச்சலில் விழுந்தாள். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியைத் தின்று தின்று நெஞ்சு ஏற்கெனவே கெட்டிருந்தது. வெந்நீர் கொடுத்தேன், பக்கத்திலிருந்து நீவி விட்டேன், போய்விட்டாள். கல்லறைக்கு அவள் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். ஊர்ப் பிள்ளைகளில் பாதி அவள் காலில் கிடந்து குளித்ததுகள்தான், ஒன்றும் வரவில்லை. அதுகளுக்கு எப்படித் தெரியும், பெற்றவர்கள் சொன்னால்தானே.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஃபிர்தௌஸ் கடைக்கு வந்தது. மகளைக் கையில் பிடித்திருந்தது. பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தெரசாக்கா இறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன் என்றது. ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரி வாசலைத் திரும்பிப் பார்த்தது.

“சோலைக்கா, நீங்க பக்கத்துல நின்னீக. அன்னைக்கு அவுக ஒரு தடவை வாய் வச்சிருந்தா எம்பிள்ளை பிழைச்சிருக்கும்லக்கா?”

இத்தனை வருஷமாக இந்தப் பேச்சைப் பேசினவர்களையெல்லாம் நான் சும்மா விட்டதில்லை. எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பேன். டீயைக் கீழே ஊற்றி, வெளியே போ என்று விரட்டியிருக்கிறேன். இப்போது கேட்கிறது பெற்றவளே. இல்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்கும். ஏன் என்று சொன்னால், அந்த ரிக்‌ஷாவில் போய்த்தான் நிற்கும். தெரசாள் இதற்காகத்தானே அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு கிடந்தாள். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

“பிழைச்சிருக்கும் தாயி” என்றேன்.

அது தலையாட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டது. போகட்டும், நான் மன்னிச்சிட்டேன்க்கா அவுகளை, அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன் என்றது. மகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனது.

பால்பாண்டி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்வை, வெந்நீருக்கு ஆள் நிற்கிறது பாருங்கள் என்றேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.